சந்தனப் பொட்டுக்குக் கீழே ஓர் ஓட்டை

மோட்டார் வண்டி என்பது தரையில் ஓடுகிற படகு என்று இருபத்தாறு வயதுவரை நம்பியவன் நான். பேச்சுக்குச் சொல்லவில்லை, சத்தியமாகவே நம்பினேன். சுற்றிலும் தகடு அடைத்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் இறங்கினால் அந்தத் தகடுதான் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. அதில் ஒரு ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே புகும், எஞ்சின் செத்துப்போகும். என் வாகன சாஸ்திரம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒரு மோட்டார் பட்டறையில் எட்டு மாதம் வேலையும் பார்த்திருக்கிறேன். யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம், நான் கடைசியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பஸ் பாடி கட்டும் பட்டறைத் தோழர்கள். போன மாதம் சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறது. முனையில் கிண்ணம் மாதிரி ரம்பம். தகட்டில் வைத்து அமுக்கினால், ஒருவன் தும்மி முடிப்பதற்குள் ரூபாய் வட்டமாக ஓட்டை விழுந்துவிடுகிறது. அதைப் பிடித்திருந்தவர் கேட்டார்:

“அண்ணே, உங்க காலத்துல இப்பிடி ஒரு ஓட்டைக்கு எம்புட்டு நேரமாகும்?”

“சரியான ஓட்டைக்கு அரை நாளு. தப்பான ஓட்டைக்கு ஆயுசு பூராவும்” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பாவத்துக்கு ஆண்டு மலரில் எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். எழுதுகிறேன், படித்துத் தொலையுங்கள்.

திண்டுக்கல்லில் பிறந்தவனுக்குக் கண்ணைத் திறந்ததும் தெரிகிற தொழில்கள் இரண்டு: புகையிலை, பூட்டு. புகையிலைக் கிட்டங்கிப் பக்கம் போனாலே எனக்குத் தும்மல் நிற்காது. ஆகவே பூட்டு. பத்து வருஷம் பூட்டுப் பட்டறையில் தகடு வெட்டினேன், துளை போட்டேன், அரம் தேய்த்தேன். அங்கே நான் கற்றது ஒன்றே ஒன்று: ஓட்டைதான் தெய்வம். சாவித் துவாரம் ஒரு மயிரிழை தள்ளிப் போனால் அந்தப் பூட்டு குப்பைக்குப் போக வேண்டியதுதான். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுச் சாவிக்கும் திறந்துகொள்ளும். என் முதல் வருஷத்தில் பட்டறை மூலையில் இருந்த குப்பைக் குவியலுக்கு என் பெயரையே வைத்திருந்தார்கள்.

பிறகு, பழனி ரோட்டில் இருந்த ஒரு மோட்டார் பட்டறையில், தகட்டை அளந்து வெட்டிச் சுத்தமாக அரம் போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். அங்கே எனக்கு வைத்த பெயர் ‘பூட்டு’. அப்பா அம்மா வைத்த பெயர் அதோடு போயிற்று.

பட்டறையின் மேஸ்திரி சவரிமுத்து. கறுத்து, உயரமாக, கடப்பாரை மாதிரி நேராக நிற்பார். காதுக்குப் பின்னால் எப்போதும் பாதி பீடி இருக்கும். பட்டறைக்குள் பெட்ரோல் இருப்பதால் அதைப் பற்றவைக்க மாட்டார். சாயங்காலம் வாசல் படியைத் தாண்டியதும் முதல் வேலை அதுதான். கத்துகிற ஆள் அல்ல. சந்தோஷமாக இருந்தால் “ஏலே பூட்டு”, சாதாரணமாக இருந்தால் “அப்பு”. கோபம் வந்தால் மட்டும் மரியாதை வந்துவிடும். “வாங்க”, “உக்காருங்க”, “இதென்னங்க இது?” என்று ஆரம்பித்தால் அன்றைக்கு அந்த ஆளுக்குச் சோறு இறங்காது. ஒருமுறை ஒரு லாரிக்குச் சக்கர நட்டு இறுக்க மறந்த வெல்டரை, மூன்று நாள் “ஐயா” என்று கூப்பிட்டார். நான்காம் நாள் அந்த மனிதர் அழுதேவிட்டார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வேலை பார்த்தவன்தான் முதல் ஓட்டத்தில் வண்டியில் உட்கார வேண்டும். பிரேக் பார்த்தவன் நத்தம் ரோட்டுக் கணவாய்ச் சரிவில் முன் சீட்டில் உட்கார்ந்து இறங்க வேண்டும். ஸ்டியரிங் பார்த்தவனும் அப்படியே. “அடுத்தவன் உசுர வச்சுச் சோதிக்கக் கூடாதுல்ல அப்பு” என்பார். எனக்கு இந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. நான் பார்த்ததெல்லாம் கதவுப் பூட்டும் தகட்டுக்கு ஒட்டுப் போடுவதும்தான். கதவு திறந்துகொண்டால் நான் விழுவேன், அவ்வளவுதானே?

இப்படி நிம்மதியாக இருந்தபோதுதான் அந்த ஐப்பசி மாதம் ஆஸ்பத்திரி வேன் வந்தது.

பட்டாளத்தில் கழித்துக்கட்டிய பழைய வண்டி அது. உயரமான சக்கரம், மொத்தையான மூக்கு. ஊரில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் அதை வாங்கிப் பின்னால் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். டிரைவர் வீரணன், பழனி முருகனைத் தவிர யாருக்கும் பயப்படாதவர். கூடவே டாக்டரம்மாவும் வந்திருந்தார். நெடுநெடுவென்று, கண்ணாடி போட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர்.

விஷயம் இதுதான். குடகனாற்றுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டுக் கிராமங்கள். தரைப்பாலமும் இல்லாத துறை. மழைக்காலத்தில் தண்ணீர் இடுப்பளவு ஓடும். போன மழையில் பாதி ஆற்றில் எஞ்சின் தண்ணீரைக் குடித்து நின்றுவிட்டது. மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே ராடு வளைந்து, ஒரு மாதம் வண்டி கிடந்தது.

“அன்னைக்கு நாங்க பார்க்கப் போன பொண்ணு அந்தக் கரையிலேயே இறந்துபோச்சு” என்றார் டாக்டரம்மா. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “இந்த வருஷம் வண்டி ஆத்துல நிக்கக் கூடாது. என்ன செய்யணுமோ செய்யுங்க.”

மேஸ்திரி பானெட்டைத் திறந்து, எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாயைக் காட்டினார். “இது வழியாத்தான் மூச்சு விடுதுங்கம்மா. இதுக்குள்ள ஒரு டம்ளர் தண்ணி போனாப் போதும், கதை முடிஞ்சது. இந்த வாயில குழாயை மாட்டி, பக்கத் தகட்டுல ஓட்டை போட்டு வெளிய எடுத்து, கூரை உசரத்துக்கு ஏத்திவிட்ருவோம். யானை ஆத்துல தும்பிக்கையத் தூக்கிக்கிட்டுப் போகுதுல்ல, அது மாதிரி.”

அன்றிலிருந்து அந்தக் குழாய்க்குப் பட்டறையில் பெயர் தும்பிக்கை.

“ஓட்டைய யாரு போடுவா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இந்தா, நம்ம பூட்டு. ஓட்டை போடுறதுல இவன அடிச்சுக்க ஆளு கிடையாது.”

எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் திகில். ஆற்றில் இறங்கப்போகிற வண்டியில் ஓட்டையா? படகில் ஓட்டை போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போவதுபோல் அல்லவா இருக்கிறது! ஆனால் மேஸ்திரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும், குழாயைச் சுற்றி ரப்பர் வைத்து அடைத்துவிடுவார்கள், ஆகவே ஒழுகாது என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

மேஸ்திரி மறுநாள் காலை மதுரைக்குப் போனார். கிணற்று மோட்டாருக்கு மாட்டுகிற கெட்டி ரப்பர்க் குழாய் வாங்க வேண்டும். போவதற்கு முன் தீக்குச்சி முனையில் ரெட் லெட், துருவுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்ட், தொட்டு, பக்கத் தகட்டில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார்.

“அப்பு, முன் விளிம்புல இருந்து ஒரு சாணு, நாலு விரக்கடை. இந்தப் பொட்டுத்தான் நடு. ரெண்டே கால் அங்குலம். நான் வாரதுக்குள்ள போட்டு வையி.”

“சரிங்க மேஸ்திரி.”

நான் காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் வீரணன் ஒரு காரியம் செய்திருந்தார். வண்டியின் உடம்பில் இரும்பு படப்போகிறது, பூஜை போடாமல் எப்படி? சந்தனமும் குங்குமமும் குழைத்து எடுத்து வந்தவர், தகட்டில் தனியாக இருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்திருக்கிறார். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார மேஸ்திரி நம் வண்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறாரே என்று மனது நெகிழ்ந்துபோயிற்றாம். சந்தனம் இல்லாமல் வெறும் சிவப்பாக இருக்கிறதே என்று அதன்மேல் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, ஒற்றைப் பொட்டு ஆகாது என்று இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்து, வரிசையாக மூன்றாக்கிவிட்டார்.

நான் வந்து நின்றபோது மூன்று பொட்டும் கோவில் வாசல் மாதிரி ஜொலித்தன. வீரணன் கையில் சூடத் தட்டு.

“தொட்டுக் கும்பிட்டுக்க பூட்டு.”

தொட்டுக் கும்பிட்டேன். எந்தப் பொட்டு என்று கேட்டிருக்கலாம். துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்திருக்கலாம். பூஜை போட்ட கையோடு வீரணன் எதிரில் பொட்டை அழிக்க எனக்குத் தைரியம் இல்லை. அதுவும் போக, என்னிடம்தான் அளவு இருக்கிறதே. விளிம்பில் கட்டை விரலை வைத்துச் சாண் போட்டேன். அதையடுத்து நாலு விரலை வைத்தேன். முதல் பொட்டின் நடுவில் போய்க் கச்சிதமாக நின்றது. ‘முருகா, பத்து வருஷ அனுபவம் வீண் போகுமா?’ என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

வீரணன் கயிறு வாங்கக் கடைவீதிக்குப் போனார். நான் வேலையை ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்து ஓட்டை எப்படி என்று சொல்லிவிடுகிறேன். நடுவில் உளிமுனையால் ஒரு குறி. குறியில் கவராயத்தை ஊன்றி வட்டம். வட்டத்துக்கு உட்பக்கமாக, ஒன்றையொன்று இடிக்காமல், சின்னச் சின்னத் துளைகள், கைத் துரப்பணத்தால். ஏறக்குறைய முப்பது துளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். அவசரப்பட்டு அமுக்கினால் பிட்டு உடையும், இல்லை தகடு உள்வாங்கும். பிறகு சின்ன உளியால் துளைக்கும் துளைக்கும் நடுவில் உள்ள பாலங்களை ஒவ்வொன்றாக வெட்டவேண்டும். கடைசிப் பாலத்தை வெட்டியதும் ‘டிங்’ என்று வட்டத் தகடு உள்ளே விழும். அதன் பின்பு அரைவட்ட அரம். விரலை விட்டுச் சுற்றினால் பட்டுத் துணி மாதிரி வழுக்க வேண்டும்.

‘டிங்’ என்று விழுந்தது. அரம் போட்டேன். அழகான ஓட்டை. இன்றைக்கும் சொல்வேன், என் வாழ்க்கையில் நான் போட்ட ஓட்டைகளிலேயே அழகான ஓட்டை அது.

அளவு பார்க்க மேஸ்திரி வைத்துவிட்டுப் போயிருந்த பழைய வளைவுக் குழாய்த் துண்டைக் காற்று வாயில் மாட்டி, உள்ளேயிருந்து நீட்டிப் பார்த்தேன். வரவில்லை. சாய்த்துப் பார்த்தேன். பாட்டரி இடித்தது. திருப்பிப் பார்த்தேன். குழாயின் வளைவு ஓட்டைக்கு நாலு விரல் பின்னால் நின்று, சுவரைப் பார்த்து ஊளையிடுகிற நாய் மாதிரி தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தண்ணீரில் துணியை நனைத்து நடுப் பொட்டைத் துடைத்தேன். குங்குமம் போயிற்று. சந்தனம் போயிற்று. ரெட் லெட் மட்டும் போகவில்லை. சிவப்பாக, சின்னதாக, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் உறைத்தது. மேஸ்திரி சொன்ன சாண், மேஸ்திரியின் சாண். அவர் கை முறம். என் கை கரண்டி. பூட்டுப் பட்டறையில் பித்தளை அளவுகோலை விட்டு விலகாதவன், இங்கே வந்து ‘யார் கையால்?’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டேன்.

மனிதனுக்குப் பயம் வந்தால் கை கால் நடுங்கும் என்பார்கள். எனக்குப் பசித்தது. தூக்குவாளியைத் திறந்து மத்தியானச் சோற்றைப் பதினொரு மணிக்கே தின்று தீர்த்தேன். பிறகு, தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தை மறந்துவிட்டேன் என்று ஞாபகம் வந்து அதைத் தனியாகத் தின்றேன். தின்று முடித்ததும் நடுக்கம் வந்தது.

மாற்றுத் தகட்டுக்கு எங்கே போவது? பட்டாளம் கழித்துப்போட்ட வண்டிக்கு உதிரி உலகத்திலேயே கிடையாது. ஒப்புக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. மூன்று நாள் “ஐயா” கேட்ட வெல்டரின் முகம் ஞாபகம் வந்தது. யோசனை போய்விட்டது.

சரியான இடத்தில் இரண்டாவது ஓட்டையைப் போட்டேன். கை தானாக வேலை செய்தது. மனது முழுக்க முதல் ஓட்டையில் இருந்தது. அதற்கு வட்டமாக ஒரு பித்தளைத் தகடு வெட்டினேன். பூட்டுக்கு முகத்தகடாகப் போகிற மெல்லிய பித்தளை. ஈயம் வைத்து ஒட்டப் பார்த்தேன். துருவின்மேல் ஈயம் பிடிக்கவில்லை. கடைசியில் தாரைக் காய்ச்சி ஓரத்தில் தடவி அமுக்கி ஒட்டி, மேலே வண்டியின் சாம்பல் பெயிண்டைப் பூசினேன். கிட்டே போய்ப் பார்த்தால் வட்டமாக விளிம்பு தெரிந்தது. என்ன செய்வது?

வீரணன் வைத்துவிட்டுப் போன சந்தனக் கிண்ணம் அங்கேயே இருந்தது.

அள்ளி அப்பினேன். அப்பளம் அகலத்துக்கு ஒரு பொட்டு. நடுவில் எலுமிச்சம்பழம் அளவு குங்குமம். கயிற்றோடு திரும்பி வந்த வீரணன் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார்.

“ஏம்ப்பா பூட்டு, ஒனக்குள்ள இம்புட்டுப் பக்தி இருந்துச்சா!”

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். குழாயை மாட்டினார், வளைவு ஓட்டைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. சைக்கிள் டியூபைக் கிழித்து ஓட்டையின் ஓரத்துக்குக் கரை கட்டினார். கிளிப்புகளை என்னை விட்டே இறுக்கச் சொன்னார். எல்லாம் முடிந்து கையைத் துடைத்துக்கொண்டே பக்கத் தகட்டைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். காதுப் பீடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“பொட்டு கொஞ்சம் பெருசா இருக்குங்களே” என்றார்.

‘இருக்குங்களே!’ இறுக்கி முடித்த கிளிப்பையே எடுத்து மறுபடியும் இறுக்கினேன்.

“பக்திங்க மேஸ்திரி” என்றேன்.

“நல்லதுங்க” என்று வாசல் படியைத் தாண்டிப் போய்ப் பீடியைப் பற்றவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழங்கால் தண்ணீரில் இறக்கிச் சோதனை ஓட்டம் என்று பேச்சு. முழங்கால் தண்ணீர்தானே, பொட்டுவரை வராது; அதற்குப் பிறகு நைசாக ஒரு நாள் வெல்டரைப் பிடித்து ஒட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மலைமேல் பெய்த மழை என் கணக்கைக் கேட்கவில்லை.

மறுநாள் பட்டறை திறக்கும்போதே டாக்டரம்மா பைகளோடு வந்துவிட்டார். கூடவே முழங்காலுக்கு மேல் சேறாக ஒரு மனிதர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கத்தரித் தோட்டம் வைத்திருப்பவர். ரயில் பாலத்து வழியாகச் சுற்றி நடந்தே வந்திருக்கிறார்.

“முந்தாநேத்துப் பொழுது சாய எம் பொஞ்சாதிக்கு வலி எடுத்ததுங்க. புள்ள வரலைங்க. நாலு பேரு கட்டில்ல வச்சுத் தூக்கிட்டு வரலாம்னாப் பாலத்துல கட்டை மேல கால் வச்சுத்தான் நடக்கணும். ஒரு ஆளுக்கே வழுக்குதுங்க.”

மேஸ்திரி யோசிக்கவேயில்லை. “வீரணா, வண்டிய எடு. ஆத்தங்கரைக்குப் போயி மத்தத முடிப்போம்.” என் பக்கம் திரும்பினார். “நீங்க முன்னால ஏறுங்க.”

வேலை பார்த்தவன்தான் முதலில் உட்கார வேண்டும். சட்டம்.

ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அலை இல்லை, சத்தமும் அதிகம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. மேஸ்திரி கரையில் பானெட்டைத் திறந்து வரிசையாக வேலை செய்தார். விசிறிப் பட்டையைக் கழற்றினார். விசிறி சுற்றினால் தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடிக்கும். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிகிற மூடியைச் சைக்கிள் டியூபில் சுற்றிக் கிரீஸ் அப்பினார். கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். கரையில் இருந்த ஒருவரிடம் இரண்டு மாடுகளைக் கேட்டு நிறுத்திவைத்தார்.

“வீரணா, முதல் கியரு. நடுவுல மாத்தாத. ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தீன்னா பொகைக்குழாய் வழியா தண்ணி ஏறிரும். சத்தம் எப்பிடிக் கேட்டாலும் சரி, அழுத்தின கால எடுக்காத.”

டாக்டரம்மா நடுவில், நான் இடது ஓரத்தில், பொட்டுப் பக்கம். கத்தரித் தோட்டக்காரர் பின்னால். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். வீரணன் “முருகா!” என்று வண்டியை இறக்கினார்.

தண்ணீர் அச்சைத் தொட்டது. படியைத் தொட்டது. புகைக்குழாய் முழுகி, பானைக்குள் யாரோ கொப்புளிப்பதுபோல் சத்தம் வந்தது. என் காலுக்கடியில் பலகைச் சந்து வழியாகத் தண்ணீர் ஊற்றாகப் பொங்கியது. அதைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் கண் பொட்டில் இருந்தது.

தண்ணீர் பொட்டின் அடியைத் தொட்டது. சந்தனம் மஞ்சள் கோடாகக் கரைந்து ஓடியது. அடுத்த தள்ளலில் குங்குமம் போயிற்று. பெயிண்ட் சுருண்டது. தார் கறுப்பாகத் தெரிந்தது. பித்தளை வட்டம் ஒரு முறை வெயிலில் மின்னிற்று. பிறகு அது அங்கே இல்லை. ஓட்டைதான் இருந்தது. தண்ணீர் அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

போன மழையில் அந்தக் கரையில் செத்துப்போன பெண், இந்த மழையில் அங்கே காத்திருக்கிற பெண், நடுவில் நான். இரண்டாவது பெண்ணையும் நான்தான் கொல்லப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. கதவுக்கு வெளியே இடுப்புவரை தொங்கி, கையை நீட்டி, உள்ளங்கையை அந்த ஓட்டைமேல் வைத்து அமுக்கினேன். கன்னத்தில் ஆறு அடித்தது. வாயில் மண் போயிற்று. பழனிக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். மேஸ்திரி கும்பிடுகிற மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டேன். விரல் சந்து வழியாகத் தண்ணீர் உள்ளே இழுப்பது தெரிந்தது. இன்னும் அமுக்கினேன்.

“என்ன செய்யிறீங்க?” என்று டாக்டரம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணும் இல்லைங்கம்மா! காத்து வாங்குறேன்!”

எஞ்சின் நிற்கவில்லை. சக்கரம் மணலைக் கடித்தது. மூக்கு மேலே தூக்கியது. கரை ஏறிவிட்டோம்.

வீரணனும் தோட்டக்காரரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், டாக்டரம்மா பின்னாலேயே. முக்கால் மணி நேரத்தில் அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை. பின்னால் ஏற்றிவிட்டு முன்பக்கம் மருந்துப் பையை எடுக்க வந்த டாக்டரம்மாவின் எதிரில் போய் நின்றேன். இனி மறைத்தால் நான் மனிதனே இல்லை.

“அம்மா, இதுல ஏறாதீங்க. தப்பா ஒரு ஓட்டை போட்டுட்டேன். பொட்டு வச்சு மறைச்சேன். மூடி ஆத்தோட போயிருச்சு. கைய வச்சு அடைச்சுக்கிட்டுத்தான் வந்தேன்.”

ஓட்டையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

“எஞ்சின் நின்னுச்சா?”

“இல்லைங்கம்மா.”

“அப்பத் திரும்பவும் கைய வைங்க” என்று சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டார்.

திரும்பும்போது தண்ணீர் இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. என் சாண் இல்லை, மேஸ்திரி சாண். துண்டைப் பந்தாகச் சுருட்டி ஓட்டையில் திணித்து, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். வீரணன் ஒரு கையால் ஸ்டியரிங்கையும், மறு கையால் என் அரைஞாண் கயிற்றையும் பிடித்துக்கொண்டார். பின்னால் அந்தப் பெண் முதல்முறையாக “அம்மா” என்று கத்தியது. நடு ஆற்றில் எஞ்சின் ஒரு தடவை இருமியது. வீரணன் காலை எடுக்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எதிரில் மாடுகள் நின்றன.

கரையில் மேஸ்திரி விசிறிப் பட்டையோடு தயாராக நின்றார். பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷத்தில் மாட்டினார். நான் அப்போதும் துண்டை அமுக்கிக்கொண்டே நின்றேன்.

“கைய எடுத்துக்கங்க. கரைக்கு வந்தாச்சு” என்றார்.

மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தது. டாக்டரம்மா வாசலுக்கு வந்து, “ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். தோட்டக்காரர் படியில் உட்கார்ந்து கால் சேற்றைச் சுரண்டிக்கொண்டே அழுதார்.

வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. நான் மேஸ்திரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாண், மூன்று பொட்டு, பித்தளை, தார், எல்லாம். வீரணன் நடுவில் குறுக்கிட்டார்: “அட, பொட்டு அழியாமக் கைய வச்சுக் காப்பாத்துறான்னுல்ல நான் நெனச்சேன்!”

மேஸ்திரி காதுப் பீடியை எடுத்துப் பற்றவைத்தார். “உள்ள விழுந்த வட்டத் தகடு ரெண்டு கெடந்துச்சு. ஒரு ஓட்டைக்கு எப்பிடி ரெண்டு விழும்னு நேத்தே பார்த்தேன். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்.” ஒரு இழுப்பு இழுத்தார். “ஏலே பூட்டு. வண்டிக்கு அடியில போய்ப் படு. செத்த நேரம் மேல பாரு. என்ன தெரியுதுன்னு சொல்லு.”

‘ஏலே’ என்று கேட்டதும் பாதி உயிர் வந்தது. படுத்தேன். பார்த்தேன்.

முன் அச்சு தெரிந்தது. அதற்கு மேல் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் மேல் பானெட்டின் உட்பக்கம் தெரிந்தது. பக்கத் தகட்டில் என் ஓட்டை வழியாக வேப்பமரம் தெரிந்தது. எஞ்சினுக்குக் கீழே தகடு என்று எதுவுமே இல்லை. ஆறு முழுக்க அந்த வழியாகத்தான் உள்ளே வந்து போயிருக்கிறது, இரண்டு தடவையும், நான் மேலே ஒரு ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தபோது. எஞ்சின் நிற்காததற்குக் காரணம், தும்பிக்கையின் வாய் கூரைக்கு மேல் இருந்ததும், அதன் கிளிப்புகள் கழலாததும்தான்.

அந்த ஓட்டையை அதன் பிறகு யாரும் அடைக்கவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் வண்டி அதோடுதான் ஆற்றைத் தாண்டியது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.